இருவாச்சிக்கு ஒரு தாள்

நவம்பர் 12, செவ்வாய்

வந்து சேர்ந்துவிட்டேன்! ஈரோடு பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் நடத்தும் யமுனா, டோக்கியோவில், ஆற்றங்கரையை ஒட்டிய விடுதி ஒன்றின் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறாள். கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வலித்தது. சரி, உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே காகித மடிப்பாளர்களின் கண்காட்சி. எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு மேசை, என் இருவாச்சிக்கு ஒரு மேசை! வால்பாறைக் காட்டில் பார்த்த அந்தப் பெரிய மூக்குப் பறவையை ஒரே சதுரத் தாளில், கத்தரியும் பசையும் படாமல் மடித்துக் கொண்டுவர வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். வரைபடத் தாளில் மடித்தேன், கல்யாணப் பத்திரிகைத் தாளில் மடித்தேன். எதில் மடித்தாலும் கழுத்துக்கு வரும்போது வெடித்துவிடும். அவ்வளவு அடுக்கு அங்கே சேருகிறது. வெடிப்பு தெரியாத பக்கமாகத் திருப்பி வைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன். தேர்வு செய்துவிட்டார்கள்! ஆனால் மேசையில் வைத்தால் நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பார்களே. அங்கே படத்தைத் திருப்பிக் காட்டும் வித்தை பலிக்காது.

அதனால் திட்டம் இதுதான். நாளைக்கு இங்கே தாள் வாங்க வேண்டும். வெங்காயச் சருகு போல மெல்லிசாக, எத்தனை மடித்தாலும் வெடிக்காத கைத்தாள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. பெரிய அளவு. மடிக்க முழுசாக இரண்டு நாள் வேண்டும். தாள் கிடைக்காவிட்டால் என் மேசை காலி. இவ்வளவு தூரம் வந்து காலி மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தனியாக வந்திருக்கலாம். விட்டாரா என் வீட்டுக்காரர்? "மஞ்சள் மண்டியை உட்டுட்டு நான் வர முடியாது. அக்காளைக் கூட்டீட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அக்காள் என்றால் சம்பூர்ணம் அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் வீட்டுக்காரர் தவறி நாலு வருடமாகிறது. அதற்குப் பிறகு உள்ளூர்க் கல்யாணங்களுக்கே சரியாக வராதவர். வந்தாலும் தாலி கட்டி முடியும் வரை சமையற்கட்டுப் பக்கம்தான் இருப்பார். அப்படிப்பட்டவர் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறி வந்திருக்கிறார். எனக்குக் காவலுக்குத்தான், வேறென்ன.

பெட்டியைத் திறந்தால் பருப்புப் பொடி, ஊறுகாய், தன் தம்பி மண்டியிலிருந்து ஒரு பை மஞ்சள் தூள். "எதுக்குங் நங்கையா இத்தனை மஞ்சள்?" என்றேன். "ரசம் வெக்க வேண்டாமா? மஞ்சளில்லாத ரசத்தை மனுசன் குடிப்பானா?" என்கிறார். விடுதி அறையில் அடுப்பே கிடையாது. யார் சொல்வது!

நவம்பர் 13, புதன்

கிடைத்தது கிடைத்தது கிடைத்தது!

  வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஆற்றங்கரையில் ஒரு நடை. நங்கையா சேலைக்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் என் மகனின் பழைய ஷூ. பிறகு ரயில் பிடித்துக் காகிதக் கடைக்குப் போனோம். சின்னச் சந்து, சின்ன வாசல், உள்ளே போனால் மாடிக்கு மேல் மாடி. எல்லாம் தாள்! தங்கத் துகள் தூவிய தாள், பூவிதழை உள்ளே வைத்துப் பண்ணிய தாள், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மெல்லிய தாள். ஒரு அலமாரி முழுக்க நீலம் மட்டும். வெளிறிய நீலத்தில் தொடங்கிக் கடைசித் தட்டில் கிட்டத்தட்டக் கறுப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். எத்தனை நேரம் நின்றேனோ, நங்கையா முதுகில் தட்டினார். "பராக்குப் பாக்க வந்தியா, வாங்க வந்தியா?"

கடைக்கார அம்மாள் பெயர் ஒகாதா. என் வயதுதான் இருக்கும், நீல ஏப்ரன் கட்டியிருந்தார். செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிக்கொண்டிருக்க, நங்கையா அவரிடம் நேராகத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாளும் ஜப்பான் மொழியில் பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் நிறுத்தவே இல்லை.

ஈரோட்டு ஜவுளிக் கடையில் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே இங்கேயும். முதலில் உட்கார இடம் தேடினார். நாற்காலி இல்லை என்றதும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். "அதைப் பிரிங்க, இதைப் பிரிங்க" என்று கைகாட்டி ஒவ்வொன்றாகப் பிரிக்க வைத்தார். ஒகாதா அம்மாளும் சளைக்கவில்லை, ஒவ்வொன்றையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கிக் காட்டினார். நங்கையா தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், முனையைத் தடவிப் பார்க்கிறார், "சாயம் போகுமான்னு கேளு" என்கிறார். "சேலையில்லைங், காகிதமுங்" என்றேன். "காகிதத்துக்கும் சாயந்தானே போட்டிருக்கான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். 

நான் கேட்ட அளவில் கறுப்பு வெள்ளைத் தாள் இல்லையாம்.  அளவில் பாதி இருந்தது. அதில் மடித்தால் கழுத்து என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வரும், ஆகாது. நான் திரும்பத் திரும்ப "பெரியது, பெரியது" என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நங்கையா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா, மேலே கெடக்குதே ஒரு சுருளு, அதை எடுக்கச் சொல்லு. நல்ல சரக்கை எப்பவும் மேலதான் போட்டு வெப்பாங்க, கேட்டாத்தான் எடுப்பாங்க."

ஒகாதா அம்மாள் தயங்கினார். யாருக்கோ எடுத்து வைத்ததாம், ஒரு வருடமாக வாங்க வரவில்லையாம். ஏணி போட்டு ஏறி எடுத்தார். பிரித்தார்.

ஐயோ, அதை எப்படி எழுதுவேன்! காம்பி என்று ஒரு செடி, அதன் நாரில் பண்ணிய தாள். மலையில் ஒரே ஒரு குடும்பம், குளிர்காலத்துத் தண்ணீரில் மட்டும் பண்ணுகிறார்களாம். ஒரு பக்கம் அடர்ந்த கறுப்பு, மறுபக்கம் பால் வெள்ளை. கையில் எடுத்தால் கனமே இல்லை. ஒரு ஓரத்தை மெதுவாக மடித்து நகத்தால் நீவினேன், கோடு விழுந்தது, நார் விடவில்லை. இப்படி இன்னொன்று அடுத்த வசந்த காலத்துக்கு மேல்தான் வருமாம். இப்போதைக்கு இது ஒன்றுதான்.

"சாமி, கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லு" என்றார் நங்கையா. நான் கேட்கவில்லை. விலையையும் இங்கே எழுதப்போவதில்லை, இந்த நாட்குறிப்பை என் வீட்டுக்காரர் எடுத்துப் படித்தாலும் படிப்பார்.

அவர் படிக்க மாட்டார். போனில் பேசினார். "அக்கா சாப்பிட்டாளா? குளுருக்கு என்ன பண்றா?" என்று கேட்டார். தாள் கிடைத்ததைச் சொன்னேன். "செரி செரி, நல்லது" என்றார். அவர் அப்படித்தான், எனக்கு அது பழகிவிட்டது.

எப்படியோ, மேலே கிடந்த சுருளைக் கண்டுபிடித்தது நங்கையாதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாளை காலை குளித்துவிட்டு முதல் மடிப்பு!

நவம்பர் 14, வியாழன், காலை

எல்லாம் போச்சு.

அதே நாள், சற்றுப் பொறுத்து

எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும். குளித்துவிட்டு வெளியே வருகிறேன். தாளைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தேன், வெள்ளைப் பக்கம் மேலே. நாலு மூலையிலும் மஞ்சள்! ஈர மஞ்சளை விரலில் குழைத்து, நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாக வைத்திருக்கிறார். புதுச் சேலை, புது வேட்டி எடுத்தால் உடுத்துவதற்கு முன் ஓரத்தில் மஞ்சள் வைப்போமே, அந்த மாதிரி! தண்ணீரோடு சேர்ந்து தாளில் ஊறிப் பரவி, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அகலம்.

நங்கையா பக்கத்திலேயே நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. "புதுசுல்ல அம்மணி. மஞ்ச வெக்காம எப்படித் தொடுவே?"

நான் கத்தினேனா, என்ன செய்தேன் என்று தெரியவில்லை. குளியலறைக்கு ஓடி சோப்பை எடுத்து வந்தேன். "சோப்பு போடாத! செவந்துரும்!" என்று என் கையைப் பிடித்தார். அது சரிதான், மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் ரத்தச் சிவப்பாகும், ஈரோட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் பிடித்திருக்காவிட்டால் போட்டிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கையை உதறிவிட்டுச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "உங்களை யாருங் வெக்கச் சொன்னா? பொறந்ததுலருந்து எனக்குன்னு ஒரே ஒரு நல்ல காரியம் நடக்குது. அதுல வந்து கையை வெச்சுட்டீங்களே! நீங்க வராமயே இருந்திருக்கலாம்!"

நங்கையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். "ஆமா அம்மணி. என்ற கை பட்டிருக்கக் கூடாது. தெரிஞ்சுதான் பண்ணீட்டேன்" என்றார்.

தெரிந்தே செய்தாராம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். ஈரக் கையோடு காகிதத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்தே தொட்டாராம்.

கிளம்புகிறேன். டோக்கியோவில் காகிதக் கடை ஒன்றுதானா இருக்கிறது? கால் ஓயும் வரை தேடுவேன்.

அதே நாள், மாலை

கால் ஓய்ந்தது. ஆனால் என்னென்ன நடந்துவிட்டது!

முதலில் பழைய கடைக்கே ஓடினேன். ஒகாதா அம்மாள் செல்போனில் நான் எடுத்திருந்த கறையின் படத்தைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். வேறு கடைகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் போனேன். கோபத்தோடு போனேன் என்றாலும் உள்ளே நுழைந்ததும் கோபம் மறந்து போகிறது, என்ன செய்வது! ஒரு கடையில் சிறு சதுரங்கள் மட்டும், கட்டுக் கட்டாக, அலையும் கொக்கும் மீன் செதிலும் அச்சடித்தவை. ஒரு கடையில் உட்கார்ந்து மடித்துப் பார்க்கவே மேசை போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் ஒரு வெட்டுக்கிளி மடித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டே நின்று அரை மணி நேரத்தைத் தொலைத்தேன். இன்னொரு கடையில் அளவு கிடைத்தது, கறுப்பு வெள்ளை கிடைக்கவில்லை. வேறொன்றில் கறுப்பு வெள்ளை கிடைத்தது, மடித்தால் நடுவில் வெடித்தது. நாலு மணிக்கு வெறுங்கையோடு விடுதிக்கு வந்தேன்.

அறையில் நங்கையா இல்லை. கட்டிலில் தாளும் இல்லை.

 மொழி தெரியாது, வழி தெரியாது, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சேலை கட்டிய மாதிரிக் கையால் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் கை காட்டினாள். ஓடினேன்.

ஆற்றங்கரை நடைபாதையில் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் நங்கையா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நூல் சேலை ஒன்று தரையில் விரித்திருக்கிறது, அதன் மேல் என் தாள். தாளின் நடுப்பகுதி முழுக்க இன்னொரு சேலையை மடித்துப் போட்டு மூடி, நாலு மூலைகளை மட்டும் வெயிலில் விட்டிருக்கிறார். மூடிய சேலை பறக்காமல் இருக்க மேலே ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி டப்பா. காற்றுக்குத் தாள் எழும்பாமல் இரண்டு ஜப்பானிய அம்மாக்கள் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு தாத்தா எழுந்து நின்று சூரியனைப் பார்ப்பதும் கையைக் காட்டுவதுமாக இருக்கிறார்.

"அக்கட்டால நகத்துங் சாமி, பாலத்து நெழலு வந்துருச்சு" என்கிறார் நங்கையா. "ஹாய் ஹாய்" என்று, அவர்கள் மொழியில் சரி சரி என்று, மூன்று பேரும் சேர்ந்து சேலையோடு இழுக்கிறார்கள்!

அடக் கடவுளே! எனக்கு ஏன் தோன்றவில்லை? சாப்பாட்டு மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையை நாங்கள் என்ன செய்வோம்? தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுவோம். சாயங்காலம் கறை இருக்காது. அம்மாவும் செய்தாள், நானும் செய்கிறேன். ஆத்திரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

திட்டத்தான் ஓடினேன். கிட்டே போய் மூலைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இரண்டு மூலை சுத்த வெள்ளை. ஒன்றில் தேடினால் மட்டும் தெரிகிற சாயல். கடைசி மூலையில் மட்டும் வெளிறிய மஞ்சள் மிச்சம் இருந்தது, பாலத்து நிழல் அதன் மேல்தான் அதிகம் விழுந்ததாம். நாலரைக்கு இங்கே சூரியன் போய்விடுகிறது, இனி வெயில் கிடையாது.

காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்! அந்த ஜப்பானிய அம்மாக்கள் மீன் வைத்த சோற்று உருண்டை கொடுத்தார்களாம், மீன் என்று தெரிந்து வேண்டாம் என்றாராம். நங்கையாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் செய்யவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றார், பொய்.

"நீயே எடுத்துக்க அம்மணி" என்று தாளைக் காட்டினார். "நான் துணியைச் சுத்தித்தான் கொண்டாந்தேன். ஒரு எடத்துலயும் என்ற கை படலை." ஈரம் படக்கூடாது என்று இப்போது நன்றாகவே பிடித்துக்கொண்டார். நல்லதுதான்.

நவம்பர் 15, வெள்ளி

மடிக்கிறேன் மடிக்கிறேன் மடிக்கிறேன். எழுத நேரமில்லை. தாள் சொன்னபடி கேட்கிறது! கட்டம் கட்டமாகக் கோடு போட்டு முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எங்கே மடிப்பு மேலே வரும், எங்கே உள்ளே போகும் என்று தெரிகிறது.

மஞ்சள் மிச்சமிருந்த மூலையை எந்தப் பக்கம் வைப்பது என்று காலையில் சும்மா குழம்பினேன். ஒரு மூலை வால், இரண்டு மூலை கால், ஒரு மூலை அலகு. இருவாச்சியின் அலகு என்ன நிறம்? மஞ்சள்! முட்டாளே, மஞ்சள்! எழுந்து ஒரு குதி குதித்தேன்.

நங்கையா அறையின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இங்க வந்து பாருங்" என்றேன். "இருக்கட்டும், நீ வேலையப் பாரு" என்கிறார். நேற்றுக் கத்தியதற்கு ரோஷம். நானும் விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, சனி

முடிந்தது! கழுத்து வெடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விளக்கில் காட்டிப் பார்த்தேன், ஒரு நார் விடவில்லை. சிறகை விரித்தால் வெள்ளைப் பட்டை, வால் நுனி வெள்ளை, கழுத்து வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. அலகு மட்டும் மஞ்சள் பூத்து இருக்கிறது. நான் மடித்ததா இது! சத்தமாகவே கேட்டுக்கொண்டேன்.

"நெம்ப நல்லாருக்குது கண்ணு" என்றார் நங்கையா, கதவுப் பக்கம் நின்றபடியே. நான் மேசைப் பக்கம் கை காட்டினால் அவர் பின்னால் நகர்கிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு கிட்டே வந்து ஒரு முறை பார்த்தால் என்னவாம்?

வீட்டுக்காரரிடம் போனில் முறையிட்டேன். "உங்கக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்காங்க."  "நான் எங்கடி அனுப்பிச்சேன்? மொதல்ல நான் வேணாம்னுதான் சொன்னேன். உன்ற பறவையப் பாக்கோணும், நானும் போறேன்னு அவதான் நின்னா, அப்பறந்தான் உன்றகிட்டச் சொன்னேன். நாலு வருசத்துல அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்" என்றார்.

காவலுக்கு வந்தவர் என்று எழுதியிருந்தேனே. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துத் திருத்த மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

மேசையிலிருந்து எழுதுகிறேன். இருவாச்சி நிற்கிறது! சுற்றிக் கூட்டம். எதிர் மேசை பிரெஞ்சுக்காரர் மூன்றாவது தடவையாக வந்து குனிந்து கழுத்தைப் பார்க்கிறார். வெட்டுக்கிளி மடித்த அந்தப் பெரியவர் வந்தார், ஒகாதா அம்மாள் வந்தார். அலகுக்கு எந்தச் சாயம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறேன். நங்கையா எழுந்து ஒவ்வொருவருக்கும் தமிழிலேயே விளக்குகிறார், ஈரோட்டு மஞ்சளில் தொடங்கி ஆற்றங்கரை வெயில் வரைக்கும். எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

ஆனால் காலையில் நடந்ததை எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

பறவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நங்கையா குளியலறைக்குள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. "நீ போ அம்மணி, நான் பொறவு வாரேன்" என்று குரல் மட்டும் வந்தது. "உங்களுக்கு வழி தெரியாதுங்க!" என்றேன். "கேட்டுக் கேட்டு வந்துருவேன், நீ நல்லபடியாப் போ." இவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று கீழே இறங்கினேன்.

வாசல் கதவு தானாகத் திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தேன். அப்படியே நின்றேன். ஆறரைக்கே குளித்துத் தலை வாரி உட்கார்ந்திருந்தவர் இப்போது எதற்குக் குளிக்கிறார்?

தாலி கட்டும் வரை சமையற்கட்டு. என்ற கை பட்டிருக்கக் கூடாது. துணி சுற்றிக் கொண்டு வந்த தாள். கதவோரம் நின்று பார்த்த பறவை. ஐயோ, ஐயோ! நான் சொன்னது ஈரத்தை. அவர் கேட்டது வேறு. "எனக்குன்னு ஒரே ஒரு நல்ல காரியம், அதுல வந்து கையை வெச்சுட்டீங்களே" என்று ஒரு தாலியிழந்த பெண்ணைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். படித்தவளாம் நான்!

மேலே ஓடினேன். குளியலறைக் கதவைத் தட்டினேன், தட்டினேன். திறந்தார். புதுச் சேலை கட்டி, கிளம்பத் தயாராக இருக்கிறார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"எதுக்குங் நங்கையா இங்க ஒளிஞ்சுட்டு இருக்கறீங்க?"

"எதுக்குத் திரும்பி வந்தே? ஒரு அடி வெச்சுட்டுத் திரும்பக் கூடாது" என்று பதறினார். "நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப நான் எதுக்க வரலாமா? போ, போ, நேரமாச்சு."

"நான் அன்னிக்குச் சொன்னது காகிதம் நனைஞ்சதுக்குங்க. வேற எதையும் நெனச்சுச் சொல்லலைங்க. சத்தியமா இல்லைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். "நீ சொன்னதுல தப்பில்லை கண்ணு. மண்டி நெறைய மஞ்சக் கெடந்தும் ஒரு நல்லதுக்குத் தொட்டு நாலு வருசமாச்சு. தம்பி பய்யன் பத்திரிகைக்கு மஞ்சத் தடவறப்பக்கூட என்னைக் கூப்புடலை. இங்க நம்ம சனம் ஒருத்தரும் இல்லை, யாரு பாக்கப் போறான்னு ஒரு ஆசை. வெச்சுட்டேன். வெச்சுக் கை எடுக்கலை, காகிதம் கெட்டுப்போச்சு. பாத்தியா, நம்ம ராசி அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

தம்பி பையன் என்றால் என் மகன். போன ஆனியில் அவன் நிச்சயதார்த்தம். அன்றைக்கு நிச்சயப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ சுமங்கலிகளை எண்ணி எண்ணிக் கூப்பிட்டது நான்.

 எனக்கு அழுகை வந்தது, ஓவென்று. அவர் பயந்துபோய் முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்தார், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்தேன். பெட்டியை அதில் வைத்தேன்.

"நீங்க முன்னால நடங்க."

"ஏய், வேண்டாம். கீழ போட்டுருவேன்."

"போட்டா இன்னொரு தாள் வாங்கி மடிச்சுக்கறேன். நடங்க."

"இன்னொண்ணு இல்லைன்னு அந்தம்மா சொன்னாளே!"

"அப்பப் போடாம நடங்க."

நடந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் மகனின் ஷூவைத் தேய்த்துத் தேய்த்து, டோக்கியோத் தெருவில் எனக்கு முன்னால். வழி தெரியாதே அவருக்கு! ஒவ்வொரு முக்கிலும் நின்று, முழுசாகத் திரும்பி, "எந்தப் பக்கம் அம்மணி?" என்று கேட்டார். நான் கையைக் காட்டவில்லை. கண்காட்சி மண்டபம் வரும் வரை ஒவ்வொரு முக்கிலும் அவர் என் எதிரே வந்து நிற்கட்டும் என்று, கிட்டே போய், அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வழி சொன்னேன்.